நடுங்காமல் வாசித்த பெயர்

அன்பு மகள் சுபத்ராவுக்கு அப்பா துரைக்கண்ணு எழுதுவது. கர்த்தர் கிருபையால் ஆரணியில் நானும் அம்மாவும் சுகம். சூரத்தில் நீயும் மாப்பிள்ளை சதீஷும் சுகமா என்று கேட்க இந்த வீம்புக்காரனுக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

அம்மாவுக்கு முட்டிவலிதான் பேஜார். ரேஷன் கடைக்கு என்று போய் வெறும் பையோடு திரும்புவாள், உன்னோடு போன் பேசத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியாதா என்ன, கேட்டதில்லை. எனக்கும் போனில் பேச ஆசைதான், எடுத்து உன் நம்பரைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன், அதனால் எழுதுகிறேன். போன ஞாயிறு நம் சபைக் கோயிலில் வேதபாடம் வாசிக்கிற முறை எனக்கு. எரேமியா தீர்க்கதரிசி மோவாப் தேசத்துக்குச் சொன்ன நியாயத்தீர்ப்பு. பெருமை பிடித்த தேசம், அழியட்டும் என்று நன்றாகக் குரலை உயர்த்தி வாசித்துக்கொண்டே போனேன். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தண்டனை சொன்ன கர்த்தரே அந்த மோவாபுக்காக அலறி அழுகிறார். இத்தனை வருஷமாக வாசிக்கிறேன், அது என் கண்ணில் பட்டதே இல்லை சுபா. மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை. முன்வரிசையில் இருந்த நம் சபை எல்லப்பன் எழுந்து வந்து, இன்னாண்ணா மயக்கமா, நீ உக்காரு நான் படிக்கறேன் என்று வேதாகமத்தை வாங்கிக்கொண்டான்.

நீ அவர்கள் சாமி கோயிலில் வைத்துச் சதீஷ் கையால் தாலி கட்டிக்கொண்டாய் என்று சபையிலிருந்து நீக்கினபோது, செயலாளர் என்ற முறையில் உன் பெயரை அதே இடத்தில் நின்று வாசித்தவன் நான். வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லியிருக்கலாம், போதகர் ஐயரும் அதையே சொன்னார், நான்தான் கேட்கவில்லை. என் குரல் நடுங்கவில்லை. பெத்த பொண்ணுன்னு கூட பாக்கலயே, மனுசன்னா இவருதான் என்று வெளியே பேசிகினு போனார்கள். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. தீர்ப்புச் சொல்ல மட்டும் கர்த்தரைப் போல ஆனேன், அழ அவரைப் போல ஆகவில்லை. உன்னைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை கண்ணு. ஆரணி பஸ்ஸில் யாராவது பெண் உன் உயரத்தில் இறங்கினால் நின்றுவிடுகிறேன்.

நீ சபைக் கோயிலுக்கு வரவேண்டாம், வீட்டுக்கு வா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. வேளாவேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. ஒன்று மறக்காதே, திரும்பச் சேர வேண்டும் என்றால் நீக்கப்பட்டவர் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரவேண்டும் என்பது சபை வழக்கம். நீ எழுதாதே. அந்தக் கடிதம் இதுதான், நான் உனக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
துரைக்கண்ணு