அண்ணன் வாங்கிய டிரெட்மில்

மார்ச் 4, செவ்வாய்

அண்ணனுக்குப் புதுக் கைபேசி இணைப்பு கிடைத்திருக்கிறது. அவன் வீட்டுத் தபால்பெட்டியில் கடிதம் கிடந்தது. ‘எங்கள் குடும்பத்தில் இணைந்ததற்கு நன்றி’யாம். சொந்தக் குடும்பத்தோடு சேர்ந்து ஒரு போட்டோவுக்குக்கூட ஒழுங்காக நிற்காதவன்.

அவன் போய் இன்றோடு முப்பத்தைந்து நாள்.

பதினோரு வருடம் ஒரே கைபேசியை ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டியவனுக்கு இப்போது என்ன அவசரம்? படிக்கும்போது சிரிப்பு வந்தது. மடித்துப் பையில் வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை வரவில்லை.

மார்ச் 5, புதன்

என் வீட்டுக்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “உங்க அண்ணன் பேருக்குள்ள எவனோ புகுந்திருக்கான்” என்றார்.

“பிறந்த தேதியெல்லாம் சரியா இருக்கே. அவனுக்கு யாரு சொன்னாங்க?”

அவர் அலமாரியைத் திறந்து, செய்தித்தாளில் வந்த இரங்கல் அறிவிப்பை எடுத்து என் முன்னால் வைத்தார்.

நான் எழுதியது. மூன்று வரி போதும் என்று செய்தித்தாள்காரர் சொன்னார். நான் கேட்டேனா? அரைப் பத்தி எழுதினேன். முழுப் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், முதலில் படித்த பள்ளிக்கூடம். வருகிறவர்கள் தேடி அலையக் கூடாதே என்று கதவு எண் வரைக்கும். கடைசியில், சின்ன வயதில் நாங்கள் வளர்த்த நாயின் பெயர்.

“நாய் பேரு எதுக்கு?”

“அது அவன்மேல உயிரா இருந்துச்சுங்க.”

“கணக்கு ஆரம்பிக்கிற இடத்துலல்லாம் ரகசியக் கேள்வின்னு அதைத்தானே கேக்கிறான்!”

திருடன் துளிகூடக் கஷ்டப்படவில்லை. உட்கார நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுக்காதது ஒன்றுதான் குறை.

மார்ச் 7, வெள்ளி

அண்ணன் மாதத் தவணையில் ஒரு டிரெட்மில் வாங்கியிருக்கிறான்.

மார்ச் 8, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. லிப்ட் மெக்கானிக் என் அண்ணன். முதல் மாடிக்குக்கூடப் படியேற மாட்டான். “லிப்ட்டை வெச்சுக்கிட்டுப் படியேறுறது என் தொழிலுக்கு அவமானம்” என்பான். லிப்ட் இல்லாத வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவான். அவன் பெயரில் ஓடுகிற இயந்திரம்! திருடுகிறவன் கொஞ்சம் விசாரித்துவிட்டுத் திருடக் கூடாதா?

காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டோம். எழுதிக்கொண்ட காவலர் டிரெட்மில் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டார். பரவாயில்லை. அண்ணனே இருந்திருந்தால் அவர் மேசையைத் தட்டிச் சிரித்திருப்பான்.

மார்ச் 10, திங்கள்

கைபேசி அலுவலகத்தில் ஒரு மணி நேரம் வரிசை. கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “இணைப்பு யார் பேருல இருக்கோ அவங்க நேர்ல வரணும்மா.”

“அவர் வர முடியாதும்மா.”

“அப்போ ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க.”

“கையெழுத்து விஷயத்துல அவன் உயிரோட இருக்கும்போதே சோம்பேறி.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டாள். நல்ல பெண். இறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தால் திருடன் வாங்கிய புது எண், அண்ணனின் பழைய எண் இரண்டையும் ஒரேயடியாக மூடிவிடலாம் என்றாள். அவன் பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ச் சொல்லவும் சொன்னாள். “இத்தனை நாளா எங்கயும் சொல்லலையாம்மா?”

நேரமில்லை என்றேன். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு நேரமில்லையாம். பாதி நாள் நான் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சான்றிதழ் என் கைப்பையிலேயேதான் இருந்தது. வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

சரி, இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

பழைய எண்ணை மூடினால் அவன் குரலும் போய்விடும். அவன் கைபேசி என் அலமாரியில்தான் இருக்கிறது, அணைத்தபடி. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரி போனிலிருந்து அவன் எண்ணைக் கூப்பிடுவேன். “நான் லிப்டுக்குள்ள இருக்கேன். வெளிய வந்ததும் நானே கூப்பிடறேன்” என்பான். எடுக்காதபோது கேட்கட்டும் என்று அவன் பதிவு பண்ணி வைத்தது. பதினோரு வருடமாக அதே வாசகம்தான். வீட்டில் படுத்துத் தூங்கும்போதும் அதைத்தான் சொல்லும்.

தினமும் இல்லை. சரி, தினமும்தான்.

மார்ச் 13, வியாழன்

பட்டியல் போட்டு அலைகிறேன். இன்று நூலகம். நூலகர் அண்ணனுக்குப் பழக்கம், நாற்பது வயதிருக்கும், எப்போதும் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருப்பார். அண்ணன் போனதையும் திருட்டையும் சொன்னேன். கணினியில் அவன் உறுப்பினர் எண்ணைத் தட்டியதும் முகம் இன்னும் கடுத்தது.

“அம்மா, இங்கயும் அந்தத் திருடன் வந்திருக்கான். அவர் எடுத்த புத்தகத்தை அவர் போன பிறகு மூணு தடவை நீட்டிச்சிருக்கான் பாருங்க! பிப்ரவரி மூணு, பதினேழு, மார்ச் மூணு. உடனே புகார்ல சேர்த்துருங்க.”

நான் தரையைப் பார்த்தேன். தரை மிகவும் சுத்தமாக இருந்தது.

“என்னம்மா?”

“அந்தத் திருடன் நான்தான் சார்.”

துப்பறியும் கதை அது. அண்ணன் 143ஆம் பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான். என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் டிக்கெட்டை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதனால் அவன் பெயரிலேயே கணினியில் நீட்டித்துக்கொண்டே இருந்தேன். கடவுச்சொல் வேறென்ன, நாயின் பெயர்தான்.

நூலகர் மூன்று தேதிகளையும் திரையில் மறுபடி பார்த்தார். பிறகு, “நாலாவது தடவை நீட்டிக்க முடியாதும்மா. சனிக்கிழமை கொண்டாங்க. உங்க பேருல புதுக் கார்டு போட்டு உங்களுக்கே குடுத்துடறேன். டிக்கெட்டோட” என்றார்.

டிரெட்மில்காரனும் நானும் ஒரே ஜாதித் திருடர்கள்தான் போல. அவனுக்குப் பொருள் வேண்டும். எனக்கு ஆள் வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

அண்ணன் கைபேசியைச் சும்மா பார்க்கலாமே என்று ஆன் பண்ணினேன். ஒரு குறுஞ்செய்தி இருந்தது. ‘உங்கள் எண்ணைப் புதிய சிம்முக்கு மாற்றும் கோரிக்கை கிடைத்தது. திங்கட்கிழமை மாற்றப்படும்.’

அந்தப் படுபாவி இப்போது பழைய எண்ணுக்கே வந்துவிட்டான்! அது அவன் கைக்குப் போனால் அண்ணனுக்குத் தெரிந்த அத்தனை பேரையும் அண்ணனாகக் கூப்பிடுவான். உதவி பண்ணுங்க என்பான். அண்ணன் ஒருத்தரிடமும் எதுவும் கேட்டதில்லையே. ஐயோ, அப்புறம் நான் கூப்பிட்டா அவன் எடுப்பானா? அவன் ‘ஹலோ’ன்னு சொல்வானா?

மூடிடறேன். நாளைக்கே மூடிடறேன்.

மார்ச் 15, சனி

காலையில் ஆஸ்பத்திரியை நான்தான் திறந்தேன். வீட்டுக்காரரும் கூட வந்தார். “மூடுறதுக்கு முன்னாடி பதிவு பண்ணிக்கலாம்” என்று அவர்தான் சொன்னார். நான் ஆஸ்பத்திரி போனில் ஒலிபெருக்கியைப் போட்டு எண்ணை அழுத்தினேன். அவர் தன் கைபேசியைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் நின்றார்.

போட்டுக் கேட்டோம். அண்ணன் குரல் தெளிவாக விழுந்திருக்கிறது. ‘வெளிய வந்ததும் நானே கூப்பிடறேன்.’ அது முடிந்ததும் இன்னொரு குரல், ரொம்ப இயல்பாக: “சரிண்ணா, மெதுவா வா.”

என் குரல். நான் பதில் சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

“இன்னொரு தடவை எடுக்கலாமா? உன் குரல் இல்லாம?” என்றார்.

வேண்டாம் என்றேன்.

அப்புறம் கைபேசி அலுவலகம். படிவத்தில் மூன்று கட்டங்கள். ‘வெளியூர் செல்கிறார்’, ‘சேவையில் திருப்தி இல்லை’, ‘இறந்துவிட்டார்’. அண்ணனுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். மூன்றாவதில் குறி போட்டேன். கண்ணாடிப் பெண் என் கண்ணெதிரிலேயே இரண்டு எண்களையும் மூடினாள். திருடனின் கோரிக்கையும் ரத்து.

சாயங்காலம் நூலகம். புத்தகம் இப்போது என் பேரில்.

மார்ச் 20, வியாழன்

டிரெட்மில் கம்பெனிக்காரர்கள் ரத்து செய்துவிட்டார்கள். ‘வாடிக்கையாளரை இழப்பதில் வருந்துகிறோம்’ என்று எழுதியிருக்கிறார்கள். நாங்களும்தான்.

மார்ச் 28, வெள்ளி

மதியம் பழக்கதோஷத்தில் எண்ணை அழுத்திவிட்டேன். உபயோகத்தில் இல்லையாம். ஒரு பெண் சொன்னாள். அவளிடம் “சரிம்மா” என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

புத்தகத்தை முடித்துவிட்டேன். அறுபதாம் பக்க ஓரத்தில் அண்ணன் பென்சிலால், ‘டாக்டர்தான் கொலைகாரன். சந்தேகமே இல்லை’ என்று எழுதி இரண்டு கோடு வேறு போட்டிருந்தான். டாக்டர் இல்லை. பாவம், டாக்டரை அடுத்த பக்கத்திலேயே யாரோ கொன்றுவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் 143 வரை எப்படித்தான் படித்தானோ.

அழிக்க ரப்பரை எடுத்தேன். மனசு வரவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நூலகர் பக்கங்களைப் புரட்டினார். அறுபதில் நின்றார். அந்தக் கையெழுத்து அவருக்கும் தெரியும். என்னை நிமிர்ந்து பார்த்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்டார்: “நூலகப் புத்தகத்துல இப்படிக் கிறுக்கினது யாரும்மா?”

அவன் பேரில் இனி ஒரு புகார் விழக் கூடாது.

“நான்தான் சார்” என்றேன்.

அவர் என் கார்டை எடுத்து, என் பேருக்கு நேரே எழுதிக்கொண்டார்.