சரியாகவே இருந்த கம்பி

என் சாமி, தம்பி முருகேசா,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ராசிபுரத்து வீட்டில் இப்போது நானும் உன் மனைவி செல்வியும்தான். அடுப்பை நான் அணைத்த பிறகு, சிலிண்டரையும் மூடினேனா என்று வந்து தொட்டுப் பார்க்க ஆள் இல்லை. "ஏன்டா, என்னைய நம்ப மாட்டியா?" என்று சண்டைக்கு வந்தால், "உன்னைய நம்பறேன் அக்கா, உன் கையத்தான் நம்ப மாட்டேன். என் கையவே நான் நம்புனதில்ல" என்பாய். விமானப்படையில் இருபது வருடம் என்ஜின் பார்த்தவனிடம் என்ன பேசுவது?

உன் மகன் பிரபுவைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் வேலையில்தான் அவனும் இருக்கிறான், வடக்கே ஒரு தளத்தில். போன வாரம் ஒரு நாள் மத்தியானம் போன் செய்தான். "அம்மாகிட்டச் சொல்லீராதீங்க அத்தே" என்று ஆரம்பித்தான்.

முந்தின நாள் காலை ஒரு விமானத்தின் என்ஜினில் எண்ணெய்க் குழாயின் நட்டை முடுக்கினான். அதிர்வில் கழலாமல் இருக்க, நட்டை மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டுமாம். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டான். மேலதிகாரியும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் சந்தேகம். நட்டு முடுக்கியது நினைவிருக்கிறது. கம்பி கட்டியது நினைவில்லை.

பைலட் ஏறி உட்கார்ந்தாயிற்று. இவன் ஓடிப்போய் நிறுத்தச் சொன்னான். என்ஜின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். கம்பி சரியாகவே இருந்தது.

"பறக்கறதே அன்னைக்கு நின்னுபோச்சுங்க அத்தே. 'என் கையெழுத்து மேலயே சந்தேகமா'ன்னு மேலதிகாரி வேற புடிபுடின்னு புடிச்சுட்டாரு. கூட இருக்கறவனுங்க, 'பேன்ட் போட்டிருக்கியான்னு பார்த்துக்கடா'ன்னு சிரிக்கறானுங்க." பிறகு சொன்னான்: "அடுத்த தடவ இப்படி ஒரு சந்தேகம் வந்தா வாயத் திறப்பனான்னு தெரியலைங்க. அப்பா இருந்தா கேட்டிருப்பேன்."

நீ இல்லை. பாடம் நடத்திய எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடம்தான். உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னேன்.

ஆத்தூரில் பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் முகாம், கடைசி நாள். திருத்திய தாள்களைக் கட்டாகக் கட்டிக் கொடுத்த பிறகு, ஒரு தாளில் கடைசிப் பக்கத்து மதிப்பெண்ணைக் கூட்டினேனா என்று சந்தேகம் வந்தது. கட்டு இன்னும் மேசையில்தான் இருந்தது. பிரிக்கச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். பஸ்ஸுக்கும் நேரமாயிற்று. வந்துவிட்டேன். கூட்டல் சரியாகக்கூட இருந்திருக்கலாம். அது யார் பிள்ளை, தேறியதா? இன்றைக்கும் தெரியாது முருகேசா. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்தத் தாள் வந்து எதிரே நிற்கிறது.

"நீ பிரிச்சுப் பார்த்துட்ட சாமி. உனக்கு அன்னைக்கோட முடிஞ்சுது. எனக்கு இன்னும் முடியல" என்றேன்.

அதற்கு அவன், "அந்தத் தாள் நம்பர் ஞாபகம் இருக்குங்களா அத்தே?" என்றான். உன் மகன்தான்.

நேற்று மறுபடி பேசினான். "கையெழுத்துப் போடறதுக்கு முந்தி இன்னொருக்கா குனிஞ்சு பார்த்துட்டுத்தான் வாரேன். சிரிக்கறவன் சிரிக்கட்டுங்க."

அலுப்பாக இருக்கிறது தம்பி. கூடத்திலிருந்து அடுப்படி பத்தடிதான். முழங்காலுக்கு அதுவே தூரம். ஆனாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவன் எத்தனை முறை நிறுத்தினாலும், எத்தனை முறை கம்பி சரியாகவே இருந்தாலும், "நல்ல வேலை செஞ்ச சாமி" என்று சொல்ல இங்கே நான் இருப்பேன்.

சிலிண்டரை மூடினேனா என்று இப்போது ஒரு சந்தேகம். எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

என் கையை நம்பாத தம்பிக்கு,
உன் அக்கா