வாறன் என்ற சொல்

பிள்ளை,

நீ எனக்கும் உனக்குமாகப் பதிவுசெய்திருந்த ஸ்கொட்லாந்துப் பயணத்துக்கு நானும் உன் நாயும் மட்டும் போய்விட்டு, நேற்றுத்தான் கனடாவுக்கு, எட்மண்டன் வீட்டுக்குத் திரும்பினோம். டஃபியை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றுதான் அதையும் கூட்டிக்கொண்டு போனேன். வேறு காரணம் இல்லை.

காதை அறுக்கும் கடல்காற்று. எந்த ஊர்க் கபேயிலும் எனக்குத் தேத்தண்ணி வருமுன் டஃபிக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வந்துவிடும். நாயைச் சமைக்கிற குசினிப் பக்கமே அண்டவிடாத நான், அன்ஸ்ட்ரதர் துறைமுகத்தில் என் பொரித்த மீனில் பாதியை அதற்குக் கொடுத்தேன்.

கிரெயில் என்ற ஊரில் தேத்தண்ணியோடு தின்னப் பணிஸ் வாங்க எழும்பியபோது, வழக்கம்போல டஃபியிடம் "வாறன்" என்றேன். நான் திரும்பும்வரை அது அசையவில்லை. கபேக்காரப் பெண் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். வருகிறேன் என்று அர்த்தம் என்றேன்.

"ஆனால் நீங்கள் போனீர்களே!" என்று சிரித்தாள்.

எங்கள் ஆட்கள் போகும்போதும் அதைத்தான் சொல்வார்கள் என்றேன். பிறகு பணிஸை டஃபிக்கே பிய்த்துப் போட்டேன்.

அன்று நீ பெட்டியோடு வாசலில் நின்று, "போறன் அப்பா" என்றாய். "அப்பிடிச் சொல்லாதை, வாறன் எண்டு சொல்லு" என்று நான் திருத்தியிருக்க வேண்டும். "போ" என்றேன்.

நீ நம்பிப் போன அந்தப் பெடியனுக்கு நாய் பிடிக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

டஃபிக்கு "வாறன்" மட்டும்தான் தெரியும். அதனால் இன்னும் வாசலைப் பார்த்தபடியே படுத்திருக்கிறது. நானும் அதற்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா