பள்ளிக்கூடம் போகாதவளின் மதியச் சாப்பாடு

என் பாண்டியக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் பழக்கம். போன ஆடியில் நீ போய்ச் சேர்ந்த பிறகும் கை தானாக அதைத்தான் எழுத வருகிறது. சரி, கேட்டுவிட்டேன் என்றே வைத்துக்கொள். இங்கன எல்லாரும் சுகம்.

முதலில் உனக்குச் சிரிப்பு வருகிற சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் அடுப்படியில் இப்போது நான் நிற்கிறேன். ஆமாம், நீ காலமெல்லாம் வெந்த அதே பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில்தான். பெற்ற மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிற உன் தங்கச்சி, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடத் தினமும் பள்ளிக்கூடம் போகிறாள்!

"டீச்சருக்குப் படிச்சுப்புட்டு மகளை வீட்டுல வச்சிருக்கா, கரண்டி பிடிக்க மட்டும் பள்ளிக்கூடம் வேணுமாக்கும்" என்று டீக்கடையில் சொன்னாகளாம். என் வீட்டுக்காரருக்குத்தான் முகம் சுண்டிப்போனது. பக்கத்திலேயே மோட்டார்க் கடை வைத்திருப்பதால் ஊர்ப்பேச்சு எல்லாம் முதலில் அவர் காதில்தான் விழுகிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எனக்கு அந்த அண்டாவின் வாயை மூடுவதே பெரும்பாடாக இருக்கிறது.

நீ போனதும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. புது ஆள் வரும்வரை பொறுப்பாகச் சமைத்துக் கொடுங்கள் என்று தலைமையாசிரியை வீடு தேடி வந்தார். "உங்க அக்கா கைப்பக்குவம் உங்களுக்கும் இருக்கும்ல" என்றார். இல்லை என்பது முதல் நாளே தெரிந்துபோனது. வீட்டில் மூன்று பேருக்கு உப்புப் போடுகிற கை, அத்தனை பெரிய சாம்பாருக்குப் பயந்து பயந்து போட்டது. "பாண்டியம்மா சாம்பாரு இப்படி இருக்காது" என்று மூன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று முகத்துக்கு நேராகவே சொன்னது. கோபம் வந்தது. அதைத் தூக்கிக் கொஞ்சவும் தோன்றியது.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன் தெரியுமா? நீ கேட்டு வைத்துவிட்டுப் போன கேள்விதான் காரணம்.

யாழினியை வீட்டில் வைத்துக்கொண்டதில் எனக்கு இன்றைக்கும் துளி வருத்தம் கிடையாது. நான் முருங்கைக்கீரை ஆய்வேன், அவள் எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். நடுவில் ஏதாவது ஒரு வரியில் இரண்டு பேருக்கும் தர்க்கம் வந்து, குழம்பு அடிப்பிடித்த நாள் எத்தனையோ. ஒரு புத்தகம் பிடித்துப்போனால் அன்றைக்குக் கணக்குக் கிடையாது. கணக்குப் பிடித்துப்போனால் அன்றைக்குக் குளியல் கிடையாது. மணி அடித்து யாரும் அவளை எழுப்பியதில்லை, மணி அடித்து யாரும் நிறுத்தியதும் இல்லை. ரசத்துக்குத் தாளிக்கவும் தெரியும், பெரியவர்களிடம் "அது ஏன்?" என்று கேட்கவும் தெரியும். வேறென்ன வேண்டும்?

நீயும் படிப்பைப் பற்றி ஒருநாளும் சண்டை போட்டதில்லை. உன் சண்டையே வேறு. "படிப்பெல்லாம் நீ சொல்லிக் குடுத்துருவடி. எங்க பந்தியில யாரு பக்கத்துல எந்தப் புள்ளை உக்காருதுன்னு நானும் பாக்குறதில்ல, அதுகளும் பாக்குறதில்ல. உன் மக யாரு பக்கத்துல உக்காந்து திங்குது? அதைச் சொல்லு" என்றாய். ஏன், நம் வீட்டுக்கு வராத ஆளா என்றேன். நீ சிரித்தாய். "வர்றவுக எல்லாம் நம்ம சாதிசனந்தானடி."

உன் தட்டில் இன்னும் கொஞ்சம் மொச்சைக் குழம்பை ஊற்றிப் பேச்சை மாற்றினேன்.

அதனால்தான் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் பேர் இல்லாத பிள்ளைக்கு அந்தச் சோறு கிடையாதே. நீ இருந்திருந்தாலும் கறாராக அதைத்தான் சொல்லியிருப்பாய். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுபோய், முதல் நாள் பந்தியின் ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள். அடுத்த வாரம் நடுவில் இருந்தாள். பக்கத்தில் மாரீஸ்வரி, ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருப் பிள்ளை.

"உங்க வீட்டுல முட்டை போட மாட்டாகளா?" என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது.

"போடுவாக. ஆனா இம்புட்டுப் பேரு கூட உக்காந்து தின்னதில்ல."

பாதி முட்டை இந்தப் பக்கம் வந்தது, கீரைப் பொரியல் அந்தப் பக்கம் போனது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மாரீஸ்வரி நம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினாள். அந்த வயதிலேயே எங்கே நிற்க வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அக்கா. யாழினி கையைப் பிடித்து இழுத்து வந்து அடுப்படியில் உட்கார வைத்துவிட்டு, "அம்மா, பசிக்குது" என்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பரிமாறினேன். அன்றைக்கு உன்னை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

தலைமையாசிரியை ஒருநாள் யாழினியிடம், "பேசாம இங்கனயே சேந்துக்கிறியா?" என்று கேட்டார். "சோத்துக்கு மட்டும் வர்றேன் டீச்சர்" என்றாள் உன் மகள். அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இப்போது புது ஆள் போட்டுவிட்டார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அந்த அம்மாதான் வருவார். நான் அங்கன இல்லையென்றால் இவள் எந்த உரிமையில் போய்ப் பந்தியில் உட்கார்வாள்? ஒன்று, பேர் சேர்க்க வேண்டும். இல்லை, வீட்டோடு இருக்க வேண்டும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சுதந்திரமாக வளர்க்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னவள் நான். அந்தச் சுதந்திரம் செருப்பை மாட்டிக்கொண்டு என் வீட்டை விட்டே கிளம்பினால் தடுக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை மொச்சை உரித்துக்கொண்டே அவளிடம் என் நியாயத்தை எல்லாம் சொன்னேன். பிறகு உன் நியாயத்தையும் நானே சொன்னேன். குறைத்துச் சொல்லவில்லை, அக்கா. "சாதிசனந்தானடி" என்றதைக்கூட விடவில்லை. சொல்லச் சொல்ல உன் குரலும் உன் கையாட்டலும் எனக்கு வந்துவிட்டன. எனக்கு எதிராக நானே இவ்வளவு நன்றாக வாதாடுவேன் என்று நினைக்கவில்லை.

"ரெண்டு பேருல யாரு சொல்றது சரி?" என்றாள்.

"அதை நீதான் சொல்லணும்."

இன்னும் ஒரு கை மொச்சையை உரித்துப் போட்டாள். பிறகு, "அப்ப எனக்கு ஒரு தட்டு வாங்கணும்மா. அங்கன எல்லாரும் அவுக அவுக தட்டுலதான் சாப்பிடுறாக" என்றாள்.

அழுதேன். தோற்றுவிட்டேன் என்று இல்லை. தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்து, என் முகம் பார்க்காமல் சொல்லத் தெரிந்திருக்கிறதே! இதற்குத்தானே இத்தனை வருசம் வீட்டில் வைத்து வளர்த்தேன். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று ஒருநாள் வந்து நின்றாளானால் அன்றைக்கே வீட்டோடு வைத்துக்கொள்வேன், அதையும் இப்போதே உன்னிடம் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் புத்தகமும் கீரையுமாக நாங்கள் எதிரெதிரே உட்காருவது மாறாது.

நேற்று பஸ் ஏறித் தேனிக்குப் போய் பஜாரில் தட்டு வாங்கினோம். பேர் வெட்டுகிற மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "பேரு என்ன பாப்பா?" என்றார் கடைக்காரர். அவள் பேரைச் சொல்லுவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"பாண்டியம்மாள்" என்றாள். "ஓரத்துல வேண்டாம், நடுவுல வெட்டுங்க. தின்னு முடிச்சதும் தெரியணும்."

ஜூனிலிருந்து பள்ளிக்கூட நாளெல்லாம் உன் பேர் மேல் சுடுசோறு விழும், அக்கா. அதற்கு நான் பொறுப்பு.

உன் கூடப் பிறந்தவள்,
ஈஸ்வரி