நங்கூரத்தின் கழுத்தில் தடவிய ஆயில்

கை நாறுகிறது. துணி சோப்பு, பாத்திர சோப்பு, எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டேன். விரல் இடுக்கில் வேஸ்ட் ஆயில் நாற்றம் அப்படியே நிற்கிறது. நீ இருந்திருந்தால் வாசலிலேயே மோப்பம் பிடித்து, "இன்னாடி பண்ணி வெச்ச?" என்று கேட்டிருப்பாய். நானே சொல்லிவிடுகிறேன். உன் முயலின் கழுத்தில் தடவிவிட்டேன்.

உன் ஆபரேஷனுக்கு முந்தின நாள், காய்கறிக் கூடையில் போட்டு, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை ஆட்டோவில் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். "குந்துனா குந்துன எடத்த வுட்டு நவுர மாட்டான். அதான் நங்கூரம்னு பேரு. நான் வர்ற வரிக்கும் பாத்துக்கோ. எளைச்சிப் போனான்னா ஒன்னத்தான் ஒதைப்பேன்" என்றாய். நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. ஒன்பது மாதமாகிறது. அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு இன்னும் உறைக்கவில்லை. நேற்றுவரை அது உன்னுடையதுதான், நான் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் முன்னால் அதன் பிடரியில் பொடுகு மாதிரி வெள்ளையாகக் கண்டது. வெயிலுக்கு முடி உதிர்கிறது என்று நினைத்தேன். பிறகு தடவினால் கொத்தாகக் கையோடு வந்தது. அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்த தோல். அதையும் பொறுத்திருப்பேன். இன்று காலை இனியா முழங்கையைச் சொறிந்துகொண்டே வந்தாள். கை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். என் மகளுக்கு மூன்று வயதுதான், தினமும் அதைக் கட்டிக்கொண்டு உட்காருபவள். பயந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் காசிமேட்டில் போட் இன்ஜின் வேலை பார்ப்பவர் என்று உனக்குத் தெரியும். மத்தியானம் சாப்பிட வந்தபோது, இன்ஜினிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலைத் தண்ணீர் பாட்டிலில் கறுப்பாகக் கொண்டுவந்தார்.

"ஹார்பர்ல சொறி புடிச்ச நாய்ங்களுக்கு இத்தத்தான தடவுறோம். ஒரே மாசத்துல முடி மொளைச்சி ஹீரோ கணக்கா சுத்தினுகீதுங்க."

"இது நாயாய்யா?"

"நாய்க்கே கேக்குது, முயலுக்குக் கேக்காதா? கொழந்த கைய பாத்துக்கினு சும்மா கீறியே?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தள்ளிவிட்டது. நாம் இருவரும் மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் கெமிஸ்ட்ரி படித்தோமே, அதெல்லாம் எங்கே போனதோ. பிடரிக்கு அதன் நாக்கு எட்டாது என்று மட்டும் ஒரு கணக்குப் போட்டேன். பஞ்சை ஆயிலில் நனைத்துத் தடவினேன்.

நங்கூரம் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு முன்னங்கால் இரண்டையும் தூக்கி, பூனை மாதிரி, காதோடு பிடரியைத் துடைத்தது. துடைத்த காலை நக்கியது.

அப்போதுதான் உன் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நிஜமாகவே பிடித்த மாதிரி இருந்தது. உன் வீட்டு மொட்டைமாடியில், அதன் பாதத்தில் இருந்த சின்னச் சிராய்ப்பைப் பார்த்துப் பதறி நான் டெட்டாலோடு ஓடிவந்தேனே, அன்று பிடித்த அதே இடம். வளையல் அழுந்தியது. "இவன் மேல இன்னா தடவுனாலும் அது வயித்துக்குத்தான்டி போவும். பயந்தா உடனே எதனா பண்ணியே ஆவணுமா? பயப்படு. கைய மட்டும் சும்மா வெச்சிக்கோ." நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நீ சிரித்துவிட்டு எனக்கு முறுக்கு கொடுத்தாய்.

துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்கு ஓடினேன். கால்நடை டாக்டரம்மா முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை உன்னுடையதேதான். "குளிப்பாட்டலாமா டாக்டர்?" என்றேன். "பயத்துலயே செத்துரும். நீங்க ஒண்ணும் பண்ணாம இருங்க, அது போதும்." சோளமாவைத் தூவித் தூவி ஆயிலை எடுத்தார்கள். பொடுகைக் கறுப்புக் காகிதத்தில் சீவிப்போட்டு, லென்ஸைக் கையில் கொடுத்தார். பொடுகு நடந்தது. பூச்சி. ஓர் ஊசிதான், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று, கூண்டுத் துணியெல்லாம் வெந்நீரில். இனியாவைத் தோல் டாக்டரிடம் காட்டச் சொன்னார். முயலுக்குச் சரியானால் அவளுக்கும் பெரும்பாலும் அடங்கிவிடுமாம்.

நான் தடவியதற்குத்தான் உடனடி மருந்தில்லை. "எவ்வளவு நக்குச்சோ தெரியாது. காலைக்குள்ள சாப்பிடலன்னா, புழுக்கை போடலன்னா, தூக்கிட்டு வந்துருங்க. முயலுக்கு வயிறு நின்னா ரொம்ப நேரம் தாங்காது."

அதனால்தான் கூண்டுக்கு எதிரில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். மூக்கருகில் கொத்தமல்லி கிடக்கிறது. தொடவில்லை. காதுகள் பின்னால் படிந்திருக்கின்றன. என் கண்ணெதிரே உன்னை இரண்டாம் முறை போகவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

சற்று முன் இனியா தூக்கத்தில் சொறிந்தாள். பாவம், இவர் குற்ற உணர்ச்சியில் ஏதோ ஒரு களிம்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். "இத்தயாவது கொழந்தைக்குத் தடவலாமா?" என் கை தானாக நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது. "நாளைக்கு டாக்டர் பாக்கட்டும். பயமா கீதுன்னா பக்கத்துல குந்து." குந்தினார். நான் பேசியது மாதிரி இல்லை, நீ பேசியது மாதிரி இருந்தது.

இரண்டு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு கூண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். புழுக்கை இன்னும் இல்லை. கொத்தமல்லித் தண்டு ஒன்று மட்டும், நான் இந்த வரிக்கு வருவதற்குள், பாதியாகக் குறைந்திருக்கிறது.