ஒன்பதாவது வரி

ஆகஸ்ட் 14, செவ்வாய்

கணினி வகுப்புக்குப் பதினான்கு பேர். பதினைந்து வேண்டும். நூலகத்தின் எந்த இலவச வகுப்பும் பதினைந்துக்குக் கீழே போனால் நகராட்சி அதை மூடிவிடும். வகுப்புகள் மூடினால் அவற்றை நடத்துகிறவனுடைய ஒப்பந்தமும் டிசம்பரோடு முடியும். நடத்துகிறவன் நான். வயது அறுபத்திரண்டு. என் பத்திரிகை மூடிய பிறகு எனக்கு வேலை கொடுத்த ஒரே இடம் இது.

முதியோர் யோகாவுக்குப் போன மாதம் பதின்மூன்று பேர்தான் வந்தார்கள். மீதி இரண்டு பெயரை நானே எழுதினேன். ஒன்று என் அம்மாவுடையது. அம்மா இறந்து ஏழு வருடம் ஆகிறது. அவளுடைய அடையாள எண் இன்னும் மனப்பாடம்.

காவலாளி வில்மார் இன்றும் வருகைத்தாளின் மேல் காபிக் கோப்பையை வைத்துவிட்டான். ஒரு வரி கரைந்து போயிற்று.

"ஒரு எண் அழிஞ்சா ஒரு ஆள் கிடையாது, தெரியுமா?"

"ஆள் உள்ளதான உக்காந்திருக்கு, வாத்தியாரே."

"நகராட்சிக்கு ஆளத் தெரியாது. எண்ணத்தான் தெரியும்."

ஆகஸ்ட் 21, செவ்வாய்

பதினைந்தாவது ஆள் கிடைத்துவிட்டாள். முப்பது தாண்டியிருக்கும். குட்டையாக வெட்டிய முடி. பழக்கமில்லாத கை அடிக்கடி பின்கழுத்துக்குப் போய் இல்லாத கூந்தலைத் தேடுகிறது. அன்றன்று வந்த வரிசையில்தான் தாளில் எழுத வேண்டும், இன்று ஒன்பதாவதாக வந்ததால் அவளுக்கு ஒன்பதாவது வரி. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பேரு போட்டே ஆகணுமா?"

"போட்டே ஆகணும்மா. இலவசத்துக்கு இதுதான் விலை."

வழக்கமாகச் சொல்கிற வாசகம். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. ரோசா என்று ஏதோ கிறுக்கி, ஒரு அடையாள எண்ணையும் ஒரு தொலைபேசி எண்ணையும் எழுதினாள். கடைசிப் பத்தியைக் காலியாக விட்டாள்: 'இந்த நிகழ்ச்சியைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?' யாரும் அதை ஒழுங்காக நிரப்புவதில்லை. வகுப்பில் இருக்கும் ஃபபியோலா ஒவ்வொரு வாரமும் 'கடவுள் சொன்னார்' என்று எழுதுகிறாள்.

செப்டம்பர் 4, செவ்வாய்

ஒவ்வொரு குழுவுக்கும் சொல்லும் கதையை இவர்களுக்கும் சொன்னேன். செய்தி தந்தவர் யார் என்று நீதிபதி கேட்டார், நான் சொல்லவில்லை, பதினோரு நாள் உள்ளே வைத்தார்கள். நடந்தது நிஜம்தான். சொல்லிச் சொல்லி மெருகேறியும் விட்டது.

"பதினோரு நாளுமா சொல்லல?" என்று ஒன்பதாவது நாற்காலி கேட்டது. அவள் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

"கடைசி வரைக்கும் சொல்லல."

அதன் பிறகு வகுப்பு முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அது உண்மை.

செப்டம்பர் 18, செவ்வாய்

பெண்கள் இவளை விடுவதாக இல்லை. இடைவேளைச் சோளரொட்டியை இவள் சுவரைப் பார்த்துத் தின்கிறாள். அவர்களுக்குத் தொலைபேசி எண் கொடுப்பதில்லை. குழுப் படம் எடுத்தால் குனிந்து செருப்பைச் சரிசெய்கிறாள்.

"மகாராணி படத்துக்கு நிக்க மாட்டாங்களோ?" என்றாள் ஃபபியோலா. "ஏன்டீ, எங்க மூஞ்சி பக்கத்துல நின்னா ஒட்டிக்குமா?"

"ஜெயில்லேருந்து ஓடி வந்தவளா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி.

நானும் சிரித்தேன்.

அக்டோபர் 9, செவ்வாய்

நகராட்சியிலிருந்து மாரிசெல் வந்தாள். முன்னறிவிப்பு இல்லை. இருபத்தெட்டு வயது, கையில் நான் அனுப்பிய தாள்கள் எல்லாம், அடுக்கி. வேறொரு நூலகத்தில் பாதி வகுப்பு கல்லறைக்குள் இருப்பவர்கள் என்று கண்டுபிடித்திருக்கிறார்களாம். அவள் கையில் யோகாத் தாளைத் தேடினேன். அம்மா.

ஆனால் அவள் யோகாத் தாளைத் தொடவில்லை. கணினி அறைக்குள் போய் நின்றுகொண்டு, பெயரையும் எண்ணையும் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். ஒன்பதாவது வரியில் நின்றாள்.

"இந்த எண்ல பதிவாகியிருக்கிறது ஒரு ஆம்பள. வாத்தியாரே, உங்க ரோசாவுக்கு மீசை இருக்கோ?"

அறையே குலுங்கியது. ஃபபியோலா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். மாரிசெல் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து என்னைப் பார்த்தாள். "இது எழுத்துப் பிழையா, இல்ல நீங்க உண்டாக்கின ஆளா?"

நான் இல்லாத ஆட்களை உண்டாக்கியவன். இந்த ஒருத்தியை உண்டாக்கவில்லை. அதனால்தானோ என்னவோ கோபம் அவள்மேல் வந்தது.

"எழுந்திருங்க. நிஜப் பேர் என்ன? எண் என்ன? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

எழுந்தாள். கை பின்கழுத்துக்குப் போயிற்று. லுஸ் எனித் கார்தோனா என்றாள். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். நான் எழுதினேன். மாரிசெல் தன் கைக்கணினியில் சரிபார்த்து, "அப்பாடா, உயிரோட இருக்காங்க" என்றாள்.

எல்லோரும் போனபின் லுஸ் எனித் மட்டும் நின்றாள். கௌகாசியா என்ற ஊரிலிருந்து வந்திருக்கிறாள், ஆறு மணிநேரம் பேருந்தில். பதினான்கு வருடம் குடும்பம் நடத்தியவனிடமிருந்து. இடது காதில் கேட்காது. முடியைத் தானே வெட்டிக்கொண்டாளாம்.

"அதப் பிடிச்சுத்தான் இழுப்பான்" என்றாள். வேறொருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை சொல்லியிருக்கிறார்கள். துணிகளைக் கணினியில் பதிய வேண்டும். இந்தச் சான்றிதழ் இருந்தால் போதும்.

"சான்றிதழ்ல நிஜப் பேரு போடுங்க வாத்தியாரே. ஆனா அந்தப் பேர எங்கயும் ஒட்டாதீங்க. அவன் தேடிட்டுதான் இருப்பான். நீங்க பேரு சொல்லாத ஆளாச்சே."

"பாத்துக்கறேன்" என்றேன்.

அக்டோபர் 16, செவ்வாய்

வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். ஒன்பதாவது வரியில் முழுப் பெயரை அழுத்தமாக எழுதினாள். எழுத்து அழகு.

நவம்பர் 6, செவ்வாய்

பாடத்தில் எல்லோரையும் முந்திவிட்டாள். ஃபபியோலாவுக்கு மௌஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். "எலியக் கொல்லாதீங்க அக்கா, மெதுவாப் பிடிங்க" என்கிறாள். இப்போது படத்துக்கு மட்டும்தான் குனிகிறாள்.

நவம்பர் 22, வியாழன்

மாரிசெல் தொலைபேசியில். சான்றிதழ் விழா டிசம்பர் 4. அதற்கு ஒரு வாரம் முன்பே பட்டியலை நூலகக் கதவிலும் இணையப் பக்கத்திலும் போட வேண்டும், முழுப் பெயர், அடையாள எண், விழா நாள், நேரம். எப்போதும் செய்வதுதான். இந்த ஊரில் பரீட்சை முடிவிலிருந்து வீட்டு மானியம்வரை எல்லாம் கதவில்தான் தெரியும்.

ஒரு பெயரை விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"பதினஞ்சு சான்றிதழ், பதினாலு பேரா? ஏற்கெனவே உங்க தாள்ல ஒரு மீசை மாட்டிச்சு. உங்க ஒப்பந்தக் கோப்பு அடுத்த வாரம் என் மேசைக்கு வருது வாத்தியாரே. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. சொல்லவில்லை. சொன்னால் விளக்கம் கேட்பாள், விளக்கம் எழுத்தில் கேட்பாள், பிறகு யோகாத் தாளையும் கேட்பாள்.

நவம்பர் 25, ஞாயிறு

யார் படிக்கப் போகிறார்கள்? பட்டியலில் எவனும் தன் பெயரைத்தான் தேடுவான். நாற்பது வருடப் பத்திரிகை அனுபவம் இதைச் சொல்கிறது.

நவம்பர் 27, செவ்வாய்

ஒட்டினேன். அகரவரிசையில் அவள் மூன்றாவது. வகுப்பில் இருந்தவர்களைப் பின்கதவு வழியாக அனுப்பினேன், முன்கதவில் வண்ணம் காயவில்லை என்று சொல்லி.

டிசம்பர் 4, செவ்வாய்

விழா மூன்று மணிக்கு. இரண்டரைக்கே முன்வரிசை தவிர ஆள் நிரம்பிவிட்டது. ஃபபியோலா தட்டு நிறையப் பாலாடைக்கட்டி உருண்டை பொரித்து வந்திருந்தாள். மாரிசெல் படக்காரனோடு வந்து, முன்வரிசை காலியாக இருந்தால் படத்தில் நன்றாக இருக்காது என்றாள். "யாரையாவது உக்கார வைங்க."

வாசலில் ஒருவன் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பூங்கொத்து. மரியாதையான ஆள்.

"ஐயா, லுஸ் எனித் கார்தோனாவோட குடும்பம். எங்க உக்காரணும்?"

குடும்பம் என்றான். யார் என்று நான் கேட்கவில்லை. நாற்பது வருடம் கேள்வி கேட்பதே தொழில். விருந்தினர் தாளில் கையெழுத்து வாங்கினேன். முன்வரிசையில், நடுவில், நானே உட்கார வைத்தேன்.

ஒலிவாங்கியில் அவள் பெயரை வாசித்தேன். எழவில்லை. இடப்பக்கம் ஒலிபெருக்கி, கேட்கவில்லை போலும் என்று இன்னொரு முறை, இன்னும் சத்தமாக வாசித்தேன். அவளுக்குக் கேட்டிருந்தது. அவள் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்து வந்தாள். சான்றிதழைக் கொடுத்தபோது விரல் ஐஸ். அவன் எழுந்து நின்று கைதட்டினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். அவள் கீழே இறங்கியதும் பூவைக் கொடுத்து, பின்கழுத்தில் கையை வைத்தான்.

"அடிப் பாவி, இவ்வளவு லட்சணமான ஆளு வச்சுக்கிட்டா எங்ககிட்ட மறைச்ச?" என்று ஃபபியோலா கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. ஏதாவது கேட்டிருந்தால்கூட — கேட்கவே இல்ல. படக்காரன் இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தினான். முதல் தடவையா அவ குனியல.

போனார்கள். வில்மார் கதவைத் திறந்து பிடித்து, "வாழ்த்துகள் அம்மா" என்றான்.

நான் மேடையிலதான் நின்னேன். அடுத்த பேரு கையில இருந்துது. அடுத்த பேர வாசிச்சேன். ஏன்டா வாசிச்ச?

டிசம்பர் 5, புதன்

தாளில் இருக்கும் அவளுடைய தொலைபேசி எண்ணை அழைத்தேன். ஒரு டயர் கடைக்காரர் எடுத்தார். அந்த ஒரு பத்தியை மட்டும் அவள் கடைசிவரை பொய்யாகவே வைத்திருக்கிறாள். மாரிசெல் அதைச் சரிபார்க்கவில்லை.

காவல் நிலையத்துக்குப் போனேன்.

"புருஷனோட போனாளா? பூ குடுத்தானா?" என்றார் உள்ளே இருந்தவர். "எனக்கு இந்த மாதிரிப் புகார் புதுசு."

டிசம்பர் 6, வியாழன்

விருந்தினர் தாளை இன்றுதான் முழுதாகப் பார்த்தேன். ஹைரோ என்று தொடங்கி முழுப் பெயர், அடையாள எண், உண்மையான தொலைபேசி. உறவு: கணவர். எல்லாப் பத்தியையும் நிரப்பியவன் அவன் ஒருவன்தான்.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்? — 'நூலகத்தின் இணையப் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் பார்த்து.'

டிசம்பர் 7, வெள்ளி

மெழுகுவர்த்தித் திருநாள். தெரு முழுக்க ஏற்றியிருக்கிறார்கள். நான் ஏற்றவில்லை.

டிசம்பர் 11, செவ்வாய்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதி அறையில் அவள் உடல். நாளிதழில் ஆறு வரி, உள்பக்கம், கீழே. எழுதியது முன்பு என்னிடம் வேலை கற்ற பெண். பெயர், வயது, ஊர். மூன்றையும் முதலில் சரிபார் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றும் சரியாக இருக்கின்றன.

டிசம்பர் 12, புதன்

ஃபபியோலா வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். "லட்சணமான ஆளுன்னேனே. நான்தானே சொன்னேன், எல்லார் முன்னாடியும்." நீ அல்ல, நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன். போகிறபோது என் கையைப் பிடித்து, "உங்க மேல உயிரா இருந்தா. பதினோரு நாள் கதைய என்கிட்ட ரெண்டு தடவ சொன்னா" என்றாள்.

டிசம்பர் 18, செவ்வாய்

விசாரணை அதிகாரி வந்தார். ஆள் இன்னும் அகப்படவில்லை. விருந்தினர் தாளின் அசல் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பத்தியாகப் படித்தார்.

"இவ்வளவு ஒழுங்கா யாருமே வைக்கிறதில்ல சார். இத வச்சே பிடிச்சுடலாம்."

கடைசிப் பத்தியிலும் அவர் விரல் சற்று நின்றது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மாலை மாரிசெல் அழைத்தாள். ஒப்பந்தம் ஒரு வருடம் நீட்டிப்பு. "வருகை நூறு சதவீதம், நீங்க ஒருத்தர்தான். பாவம், அந்தப் பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேன்." விழாப் படம் ஆண்டறிக்கை அட்டையில் வர இருந்ததாம். மாற்றிவிட்டார்களாம்.

நன்றி என்றேன்.

டிசம்பர் 19, புதன்

கதவில் பட்டியல் இன்னும் இருந்தது. கிழித்தேன். பசை விடவில்லை, மூன்றாவது பெயர் பாதி கதவிலேயே நிற்கிறது.

ஜனவரி 22, செவ்வாய்

புதிய குழு. சரியாகப் பதினைந்து பேர். தாளும் புதிது; ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வீட்டு முகவரிக்கும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள். பதினோரு நாள் கதையைச் சொல்லவில்லை.

ஒன்பதாவதாக வந்தவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாமே எழுதணுமா?"

வில்மார் என்னைப் பார்த்தான். மாரிசெல் உள்ளேதான் இருந்தாள், தொடக்க விழாவுக்காக.

"எழுதுங்கம்மா" என்றேன்.

எழுதினாள். பெயர், எண், முகவரி, தெளிவான எழுத்து.

எல்லோரும் உள்ளே போனதும் வில்மாரிடம் காபி கேட்டேன். கோப்பை விளிம்புவரை நிறைத்துக் கொண்டுவந்தான். அதை ஒன்பதாவது வரியின் மேல் வைத்தேன். சாய்த்து வைத்ததில் நிறையவே சிந்தியது. மை கலங்கி ஓடும்வரை கோப்பையை எடுக்கவில்லை.

இந்த வகுப்புக்குப் பதினான்கு பேர்.