அன்றைக்குப் பில்யானா ஓடவில்லை

விதின்
ஜூன் 3, செவ்வாய்

அன்பு மகள் ராலித்சாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் பில்யானாவும் சுகம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் முறை. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். குழந்தை சுகமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, நீ பார்த்துக்கொள்கிற ஆல்டோ ஐயாவைப் படுக்கையிலிருந்து தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு, முதுகை வளைத்துத் தூக்காதே என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், நீயும் சரி சரி என்கிறாய். ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இவருக்கு என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது பில்யானா என் தோளை ஒட்டியே நிற்கிறாள். அதுவும் ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் அது இல்லை. போனில் என் வாய்க்குப் பொய் சுலபமாக வந்துவிடுகிறது. கை அவ்வளவு சாமர்த்தியம் இல்லாதது. மணிக்கட்டுக் கட்டைப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது, பேனா பிடித்து எழுதுவது இதுதான் முதல் தடவை, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கால் முக்கால்வாசி தேறிவிட்டது. கணுக்காலுக்குள் தகடும் ஆறு திருகாணியும் இருக்கின்றன, மழை வருவதை எனக்கு முந்தி அவை சொல்லிவிடுகின்றன. பயிற்சி கொடுக்க வருகிற பெண் உன் வயதுதான், ஆனால் பட்டாளத்துக்காரி மாதிரி அதட்டுவாள். ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லி நான் இருபதோடு நிறுத்தினால், "தாத்தா, எனக்கு எண்ணத் தெரியும்" என்பாள். நம் கட்டடத்து லிஃப்ட் இன்னும் ரிப்பேர்தான். முதல் மாதம் முழுக்க நான்கு மாடியையும் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக வழுக்கி இறங்கினேன், பில்யானா எனக்கு முன்னால் ஊன்றுகோலை ஏந்திக்கொண்டு படி எண்ணுவாள். எதிர்வீட்டுப் பென்கா வாரத்துக்கு இரண்டு தடவை பீன்ஸ் சூப் கொண்டுவந்து வைக்கிறாள், உப்பே இருக்காது, வாயைத் திறக்காமல் குடித்துவிடுவேன். அவளிடம் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

ராலித்சா, நான் விழுந்தது பில்யானாவால் இல்லை. அவள் ஓடவும் இல்லை, நான் அவளைத் துரத்திப் பிடிக்கவும் இல்லை, தடுக்கி விழவும் இல்லை. ஏறி விழுந்தேன். எதில் என்று கேட்பாய். விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் ஏறி விளையாடுகிற அந்த இரும்பு ராக்கெட் இருக்கிறதே, சின்ன வயதில் அதன் உச்சியில் உட்கார்ந்துகொண்டு சாப்பிட வரமாட்டேன் என்று நீ அடம்பிடிப்பாயே, அதில். மார்ச் கடைசி. ராக்கெட்டை ஒட்டி நிற்கிற ஜாங்கா மரம், அந்தப் புளிப்புப் பிளம், ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அந்த மாதம் முதல் தேதி நான் பில்யானா கையில் கட்டிவிட்ட மார்த்தெனிட்சாவை, அந்தச் சிவப்பும் வெள்ளையும் முறுக்கின நூலை, அவிழ்த்துப் பூத்த கிளையில் கட்டுகிற நாள் அது. மற்ற பிள்ளைகள் எட்டின கிளையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பில்யானாவும் எட்டின கிளையில்தான் கட்டப் போனாள், அதை நீ நன்றாகக் கவனி. உச்சிக் கிளை கேட்டவள் அவள் இல்லை. நான்தான், "கீழ கட்டினா யார் கண்ணுல படும், குடு இங்க, இத்தாலிலேருந்து உங்கம்மா பார்க்கிற மாதிரி கட்டறேன்" என்று வாங்கினேன். பெஞ்சில் பென்காவும் இன்னும் இரண்டு கிழங்களும் உட்கார்ந்திருந்தார்கள். பென்கா சும்மா இருக்கக்கூடாதா, "என்ன ஸ்பாஸ், இந்த வயசுல சந்திரனுக்குக் கிளம்பிட்டியா, இறங்கு, எலும்பு பொறுக்க எனக்கு இடுப்பு வளையாது" என்றாள். அதற்குப் பிறகு நான் இறங்குவேனா.

முப்பத்தொரு வருஷம் டெலிபோன் கம்பத்தில் ஏறினவன் நான், உனக்குத் தெரியும். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினேன், அந்தக் காலத்தில் கம்பியைக் கடித்துக்கொண்டு ஏறுவதுபோல. மேல் வளையத்தில் கால் ஊன்றியாயிற்று. கிளையும் கைக்கு எட்டுகிற தூரம். இரண்டு கையும் வேண்டியிருந்தது, பழக்கத்தில் பின்னால் சாய்ந்தேன். கம்பத்தில் அப்படித்தான், இடுப்பு வாரில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்தால்தான் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். உடம்பு முப்பத்தொரு வருஷத்தை மறக்கவில்லை, வார் இல்லை என்பதைத்தான் மறந்துவிட்டது. எழுபத்திரண்டு வயதில் இடுப்பில் ஒன்றும் இல்லாமல் வானத்தில் சாய்ந்தவன் விதினிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். கீழே கிடந்தபோது நூல் இன்னும் பல்லில்தான் இருந்தது. பில்யானா அழவில்லை. என் வாயிலிருந்து நூலை எடுத்துத் தன் கையில் மறுபடி சுற்றிக்கொண்டு, கழற்றி வைத்திருந்த என் கோட்டை என்மேல் போர்த்திவிட்டு, பெஞ்சிலிருந்து எழமுடியாமல் தடுமாறின பென்காவைக் கைபிடித்துக் கூட்டிவர ஓடினாள். அவள் அன்றைக்கு ஓடினது அது ஒன்றுதான்.

இனி நான் எழுத வெட்கப்படுவது. ஜனவரியில் நான் பால்கனி விளிம்பில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்ததைப் போனில் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. "அப்பா, இன்னொரு தடவை எதுலயாவது ஏறினீங்கன்னு தெரிஞ்சுது, பாப்பாவ வார்னாவுக்கு அனுப்பிடுவேன், சொல்லிட்டேன்" என்றாய். உன்னை விட்டுப் போனவனின் அக்கா வீட்டுக்கு, நாட்டின் அந்தக் கோடிக்கு. நானும் உன் அம்மாமேல் ஆணையாக ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ஆஸ்பத்திரியில் வலது கை கட்டோடு இருந்ததால் பென்காதான் போனைப் பிடித்துக்கொண்டாள். நீ எடுத்தவுடன், "எங்க விழுந்தீங்க, ஏறினீங்களா" என்றுதான் கேட்டாய், கண்டுபிடித்துவிட்டாய் என்றே பயந்துபோனேன். பயத்தில் வாயில் வந்தது, "இல்லம்மா, பாப்பா திடீர்னு ரோட்டப் பார்த்து ஓடினா, பிடிக்கப் போயி தடுக்கிட்டேன்." இப்போதைக்கு இப்படிச் சொல்லி வைப்போம், நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். போனை வைத்ததும் பென்கா, "உன் பொய்க்கு நான் போன் புடிச்சேன் பாரு, என் கைய வெட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சூப்பில் உப்புக் குறைந்ததும் அன்றையிலிருந்துதான், தற்செயலா என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலை நீ பில்யானாவைக் கூப்பிட்டுத் திட்டினாய். அவள் போனை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். நீ அழுதுகொண்டே திட்டினாய், தூரத்திலிருக்கிற தாயின் பயம் அது, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. "தாத்தாவப் படுக்க வெச்சுட்டியேடி, உன் காலுல என்ன சக்கரமா கட்டியிருக்கு, அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா" என்றாய். ஏழு வயசுப் பெண், இல்லம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "சரிம்மா, இனிமே ஓட மாட்டேன்" என்றாள். கணுக்கால் உடைந்த வலி எனக்கு இப்போது ஞாபகம் இல்லை, அந்த 'சரிம்மா' காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள் உன் மகள், என்னைப் போல இல்லை. ஓடுவதே இல்லை. முதலில் நான் கவனிக்கவில்லை, என் வலி எனக்கு. ஊன்றுகோலோடு வருகிற கிழவன் பக்கத்தில் மெதுவாக நடக்கிறாள், நல்ல பிள்ளை என்று உள்ளுக்குள் பூரித்துக்கூடப் போனேன், கேட்டுக்கொள். போன வாரம் பள்ளிக்கூடத்து டீச்சர் வழியில் நிறுத்தி, "விளையாட்டு நேரத்துல சுவரோரமாவே நிக்கிறா, வான்னு கூப்பிட்டா நான் ஓடினா யாராவது விழுந்துடுவாங்கங்கறா, வீட்டுல ஏதாவது நடந்துதா" என்று கேட்டாள். நான் அந்த அம்மாளிடம் என்ன சொன்னேன் தெரியுமா, "வளர்ற பிள்ளை, கூச்சம் வந்திருக்கும்" என்றேன். அது இரண்டாவது பொய். உன் அம்மா இருந்திருந்தால் என் காதைத் திருகி உன்னிடம் அன்றைக்கே பேச வைத்திருப்பாள்.

நேற்று ஊன்றுகோல் இல்லாமல், வெறும் கைத்தடியோடு, முதல் தடவை திடலுக்குப் போனேன். ஜாங்காக் காய் பிடித்துவிட்டது, பிள்ளைகள் பச்சைக் காயைப் பறித்து உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். ஊரில் எல்லார் நூலும் கிளைகளில் வெளுத்துத் தொங்குகிறது, பில்யானாவின் நூல் மட்டும் இன்னும் அவள் கையில், கறுத்துப்போய், எது சிவப்பு எது வெள்ளை என்று தெரியாமல். கழற்றினதைத் திரும்பக் கட்டக்கூடாது என்று பென்கா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள், கேட்கவில்லை. அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, பென்காவும் கேட்கும்படியாகவே சொன்னேன், தாத்தா உங்கம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன், நீ ஒண்ணும் பண்ணல, தப்பு முழுக்க என்னுது என்று. அழுவாள், இல்லை கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெரிய மனுஷி மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியும் தாத்தா. நீ அம்மாகிட்ட சொல்லிடாத. என்னத் திட்டினா திட்டிட்டு விட்டுடுவாங்க. உன்னத் திட்டினா என்னை வார்னாவுக்கு அனுப்பிடுவாங்க, அப்புறம் உனக்குப் படி எண்ண யார் இருப்பாங்க" என்றாள்.

பென்கா எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். ஜனவரியில் நாம் பேசினதைப் பில்யானா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், ராலித்சா. இரண்டு மாதமாக என் பொய்யை அவள்தான் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள், அதனால்தான் ஓடவில்லை. வா, நூலைக் கட்டலாம் என்றேன், "அப்புறம் கட்டலாம்" என்றாள். போ, ஓடு, தாத்தா பார்க்கிறேன் என்றேன். நான்கு அடி வேகமாக வைத்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள், மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஓடு என்று சொன்னால் போதாது என்று அப்போதுதான் புரிந்தது. ஓடாதே என்ற சொல் உன்னிடமிருந்து வந்தது.

அவள் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதை மீறித்தான் இதை எழுதுகிறேன், இதற்கும் அவளிடம் நான் பதில் சொல்லியாக வேண்டும். வார்னா விஷயத்தில் நீ என்ன முடிவு எடுத்தாலும் வாயைத் திறக்கமாட்டேன். தாய் நீ, உனக்கு அந்த உரிமை உண்டு, சத்தியத்தை மீறினவனுக்குக் கேட்க வாய் இல்லை. அனுப்பாதே என்று கெஞ்சத் தோன்றுகிறது, அந்த ஆசையையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், இனி உன்னிடம் மறைப்பதாக இல்லை. நீ அங்கே ஊரார் வீட்டுக் கிழவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறாய், இங்கே உன் வீட்டுக் கிழவனை உன் மகள் தாங்கும்படி ஆக்கிவிட்டேன், அதை நினைத்தால் எனக்குத் தலை நிமிரவில்லை.

உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல முதுகும் கடவுள் கொடுக்கட்டும். சரியாகச் சாப்பிடு, காப்பியைக் குடித்தே நாளை ஓட்டாதே. ஆல்டோ ஐயாவுக்கு என் விசாரிப்புகளைச் சொல், அவரையும் எதிலும் ஏறவேண்டாம் என்று சொல். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு பத்து மணிக்கு எப்போதும்போலக் கூப்பிடு. போனை மேசைமேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன், பில்யானா பக்கத்தில் நிற்பாள். என் கால் எப்படி இருக்கிறது என்று கேட்காதே. எடுத்தவுடன் என்னைத் திட்டு. அவளைத் திட்டின அதே குரலில், அவள் காதில் விழும்படி, என்னைத் திட்டு. திட்டி முடித்துவிட்டு அவளைத் திடலுக்கு அனுப்பு, ஓடிப் போகச் சொல்லி அனுப்பு. நான் ஜன்னலில் நின்று பார்த்து, ஓடினாளா என்று உனக்குச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் திட்டு வாங்கக் காத்திருக்கும் அப்பா,
ஸ்பாஸ்